லயக் காம்பராவுக்குப் பழைய சாமான்: வாங்கவும் புதுக்கவும் சில குறிப்புகள்

ஹல்துமுல்லைச் சந்தியில் இறங்கித் தளபாடக் கடை தேடுகிறவர் கடைசியில் பண்டாரவளை பஸ்ஸில்தான் ஏறுவார். அங்கே பளபளவென்று கண்ணாடி வைத்த புது அலுமாரியைத் தவணைக்குத் தருவார்கள். தவணை முடியும் முன்பே அதன் அடிப்பலகை ஊறி உப்பிவிடும். இது நம் மலையின் வேலை. ஜூலை, ஓகஸ்டில் ஊவாத் தேயிலைக்கு மணம் தருகிற வறண்ட காற்று மரத்தின் ஈரத்தை உறிஞ்சும். ஒக்டோபரில் மழை தொடங்கினால் தைப்பொங்கல் வரை மூடுபனி வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். இரண்டையும் பல வருடம் தாங்கி நின்ற பழைய மரச் சாமான் இனிமேல் புதிதாகக் கெட்டுப்போக அதிகம் இல்லை. ஆகவே குறைந்த காசுக்குச் சின்ன வீட்டை நிரப்ப நினைக்கிறவர்களுக்குப் பழையதே நல்லது என்பது என் கட்சி. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருந்தால் போதும்.

1. முதலில் அளவு நாடா. பழைய லயக் காம்பரா பெரும்பாலும் 10க்கு 12 அடி. இப்போது கட்டிக் கொடுக்கிற தனி வீடுகள் 550 சதுர அடி. இரண்டிலும் சங்கடம் வாசலில்தான் தொடங்கும். கதவின் அகலம், இஸ்தோப்பில் இருந்து உள்ளே திரும்புகிற மூலை, கூரை தாழ்ந்து வருகிற பக்கத்தின் உயரம் ஆகிய மூன்றையும் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். லயத்துக் கூரை நடுவில் உயர்ந்து ஓரத்தில் இறங்குவதால், கடையில் சாதாரணமாகத் தெரிகிற ஆறரை அடி அலுமாரி வீட்டில் நிமிர்ந்து நிற்காமல் போகலாம். பழைய பேப்பரை ஒட்டி, வாங்கப் போகிற சாமானின் அடி அளவுக்கு வெட்டித் தரையில் விரித்து வையுங்கள். இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பார்த்தால், அந்தச் சாமான் வீட்டுக்கு வேண்டுமா என்பதே தெரிந்துவிடும்.

2. எங்கே தேடுவது? கடைக்கு முன்னால் ஆட்களைத் தேடுங்கள். இடமாற்றம் கிடைத்துப் போகிற ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள் வருடக் கடைசியில் கட்டில், மேசைகளை லொறியில் ஏற்றிச் செல்வதை விட விற்றுவிட்டுப் போகவே விரும்புவார்கள். அப்புத்தளை, பண்டாரவளையில் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்களிடம் கதவு, ஜன்னல், பலகை கிடைக்கும். எல்ல பக்கம் சுற்றுலா விடுதி புதுப்பிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போய்க் கேட்கலாம். போத்தல், பேப்பர் எடுக்க வருகிறவரை மறந்துவிடாதீர்கள். எந்த வீட்டில் எது மூலையில் கிடக்கிறது என்று அவருக்குத் தெரிந்த அளவுக்குத் தபால்காரருக்கும் தெரியாது. என்ன வேண்டும், எந்த அளவில் வேண்டும் என்று அவரிடம் சொல்லி வைத்தால் சாமான் வாசலுக்கே வந்து சேரும்.

3. மரத்தை அடையாளம் காணப் பழகுங்கள். மேல்பக்கத்தைப் பார்த்தால் வார்னிஷ்தான் தெரியும். லாச்சியை வெளியே இழுத்து அதன் அடியையும், மேசையைக் கவிழ்த்து உள்பக்கத்தையும் பாருங்கள். பலா மரம் அறுத்த புதிதில் மஞ்சள், வயதாக ஆகத் தேன் நிறத்துக்கும் கபிலத்துக்கும் போகும். தேக்கைத் தடவினால் கைக்கு மெல்லிய எண்ணெய்ப் பிசுக்குத் தெரியும். முதிரை கனத்தாலேயே தன்னைச் சொல்லிவிடும், தனி ஆளாகத் தூக்க வேண்டாம். தேயிலைக்குள் நிழலுக்கு நட்ட சவுக்கில் செய்த சாமான் நம் பக்கத்தில் நிறைய. பலகையின் முகத்தில் வலைப் பின்னல் போலப் புள்ளிகள் ஓடும். நன்றாகக் காய்ந்த பலகையில் செய்ததென்றால் அதற்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அல்பீசியா, ரப்பர் இரண்டும் வெளிறிய மரங்கள். விலை குறைவு, வண்டுக்கு மிகவும் பிடிக்கும்.

மூலைப் பொருத்தையும் பாருங்கள். கழுந்தும் துளையுமாகக் கோத்துச் செய்ததைத் திரும்பக் கழற்றி ஒட்டலாம். வெறும் ஆணியில் நிற்பது ஆடத் தொடங்கினால் ஆடிக்கொண்டேதான் இருக்கும். நல்ல பழைய வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் அப்புத்தளை அடிசம் பங்களாவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டியது. இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம், அந்தக் காலத்துத் தளபாடங்கள் சில அறைகளில் அப்படியே இருக்கின்றன. தொட விடமாட்டார்கள், கண்ணால் படிக்கலாம்.

4. மரத்தூளை அழுத்திச் செய்த பலகைச் சாமானைப் பழையதாக வாங்கவே வேண்டாம். மேலே மரக் கோடு அச்சடித்த தாள் ஒட்டியிருக்கும். அடி விளிம்பில் நகத்தால் கீறிப் பாருங்கள், தூள் உதிர்ந்தால் அதுதான். ஒருமுறை ஈரம் குடித்து வீங்கினால் வற்றாது, பிணைச்சல் ஆணி பிடுங்கிய ஓட்டையில் திரும்ப ஆணி பிடிக்காது. இனாமாகத் தந்தாலும் எனக்கு வேண்டாம்.

5. வண்டு ஓட்டை இருந்தாலே ஓடிவிட வேண்டியதில்லை. இருண்டு, அழுக்கு அடைந்த ஓட்டை பழையது, உள்ளே இருந்த பூச்சி எப்போதோ போயிருக்கும். ஓட்டையின் உள்பக்கம் வெள்ளையாக, கீழே மாவு போலத் தூள் கொட்டிக் கிடந்தால் வண்டு இன்னும் வேலையில் இருக்கிறது. சந்தேகமானால் சாமானைத் துடைத்து, கறுப்புத் துணியின் மேல் ஒரு வாரம் இஸ்தோப்பில் வையுங்கள். தூள் விழுந்தால் தெரிந்துவிடும். வைரம் பாய்ந்த நடுமரத்தை இந்த வண்டு அதிகம் தொடாது, வெளிறிய ஓர மரத்தைத்தான் தின்னும். ஒரு காலில் மட்டும் என்றால் அந்தக் காலை மாற்றினால் போதும்.

மருந்து போட வேண்டுமானால் ஒரு லீற்றர் சுடுநீரில் 40 கிராம் போரிக் பவுடர், 60 கிராம் வெண்காரம் கரைத்து, வார்னிஷ் சுரண்டிய வெறும் மரத்தில் இரண்டு மூன்று தடவை பூசுங்கள். வார்னிஷுக்கு மேல் பூசினால் வழிந்து போகும், பயன் இல்லை. கைக்கு உறை போடுங்கள். மிச்சத்தைப் பிள்ளைகள் எடுக்கிற இடத்தில் வைக்கக்கூடாது. சாப்பாட்டு மேசைக்கும் குசினித் தட்டுக்கும் இந்த மருந்து வேண்டாம்.

6. கட்டில் வாங்கினால் மூட்டைப்பூச்சியை முதலில் நினையுங்கள். மூட்டுகளிலும் ஆணித் துளைகளிலும் கறுப்புப் புள்ளி இருந்தால் அது பூச்சியின் எச்சம். "வெயிலில் போட்டால் செத்துவிடும்" என்பார்கள். கீழே வெல்லவாயவில் அந்தப் பேச்சு கொஞ்சம் எடுபடலாம், நம் மேட்டு வெயில் போதாது. கட்டிலைக் கழற்றி, வெளியிலேயே வைத்து, கொதிநீரை மூட்டுக்குள் ஊற்றுங்கள். முட்டை தப்பியிருக்கும் என்பதால் பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. சும்மா பூட்டி வைத்தால் பட்டினியில் சாகும் என்று நினைக்காதீர்கள். இரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் இருக்கும் பிராணி அது. இரும்புக் கட்டிலில் ஒளிய இடம் குறைவு என்பதால், கிடைத்தால் அதுவே நல்லது.

7. வாங்கவும் ஒட்டவும் பூசவும் காலம் இருக்கிறது. பெப்ரவரியில் இருந்து மார்ச் வரையும், ஜூன் கடைசியில் இருந்து செப்டெம்பர் வரையும் பழுது பார்க்கிற வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் பூசிய வார்னிஷ் காயாமல் வெண்படலம் பிடித்துப் போகும், பசையும் இறுகாது. வாங்குவதற்கோ மழைக்காலம்தான் நல்லது. ஒழுகின வீட்டில் இருந்த அலுமாரி தன் குறையை அப்போது மறைக்க முடியாது. பூஞ்சண வாசம் கதவைத் திறந்த உடனே மூக்கில் அடிக்கும்.

8. ஆடுகிற கதிரைக்கு ஆணி அடிக்காதீர்கள். ஆணி மரத்தைப் பிளக்கும், அடுத்த பாஸ் வந்து செய்கிற நல்ல வேலையையும் கெடுக்கும். மூட்டை மெதுவாகத் தட்டிக் கழற்றி, பழைய பசையைக் கத்தியால் முழுவதும் சுரண்டுங்கள். பழைய பசையின் மேல் புதுப் பசை ஒட்டாது, பலர் தவறுவது இங்கேதான். வெள்ளை மரப்பசை தடவிச் செருகி, நான்கு காலையும் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைக் கொடுத்து முறுக்கி இறுக்குங்கள். ஒரு முழு நாள் யாரும் உட்காரக்கூடாது. துளை பெரிதாகிக் கழுந்து தளர்ந்திருந்தால் மெல்லிய மரச் சீவலைப் பசையோடு சேர்த்துச் செருகலாம். சிமெந்துத் தரை பள்ளமும் மேடுமாக இருக்கிற காம்பராவில் கதிரை ஆடினால் குற்றம் கதிரையில் இல்லாமலும் இருக்கலாம். இடம் மாற்றி வைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

9. பழைய பெயின்டைக் காய்ந்தபடி தேய்க்கவே கூடாது. இலங்கையில் பெயின்டில் ஈயத்துக்கு வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல். அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்பு எனமல் பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தண்ணீரில் நனைக்கிற சாண்ட் பேப்பரை வாங்கி, ஈரமாகவே தேய்த்து, அழுக்கை ஈரத் துணியால் வழித்து, துணியோடு பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள். பூச்சு உரியாமல் உறுதியாக இருந்தால் சுரண்டாமல் அதன் மேலேயே புதுப் பூச்சு கொடுப்பது இன்னும் பாதுகாப்பு. தொட்டில், நடைவண்டி என்றால் இதில் சலுகையே கிடையாது.

10. மெருகு கொடுக்கும் முன் கழுவிப் பாருங்கள். விறகடுப்பு வீட்டில் இருந்த சாமானின் மேல் இருக்கிற கறுப்பு, பாதி புகைக்கரி, பாதி எண்ணெய். வெதுவெதுப்பான தண்ணீரில் சலவைச் சோடா கொஞ்சம் கரைத்துத் துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றினால் பல சாமானுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. தேக்குக்குச் சோடா வேண்டாம், கறுத்துவிடும், சாதாரண சவர்க்காரமே போதும். மினுக்குவதற்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தை விடுங்கள். தூசி ஒட்டும், மழைக்காலத்தில் காறல் வாசமும் பூஞ்சணமும் வரும். லின்சீட் எண்ணெய் நல்லது. ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயப் போட்ட பிறகே குப்பைக்குள் போடுங்கள். வரிசையாக ஒட்டிய லயத்தில் இது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல.

11. மழையில் லாச்சி இறுகினால் சீவாதீர்கள். மரம் ஈரம் குடித்துப் பருத்திருக்கிறது, அவ்வளவுதான். நவம்பரில் சீவிய லாச்சி ஓகஸ்ட் காற்றில் தளர்ந்து தொங்கும். லாச்சி ஓடுகிற இரண்டு பக்கமும் மெழுகுதிரியையோ காய்ந்த சவர்க்காரத் துண்டையோ தேய்த்துவிட்டுப் பங்குனி வரை பொறுங்கள்.

12. சாய்மனைக் கதிரை. பங்களாச் சாமான் விற்கிறார்கள் என்றால் எல்லாரும் முதலில் பார்ப்பது இதைத்தான். நீண்ட கை, பிரம்புப் பின்னல், துரைமார் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்த கம்பீரம். நம் வீட்டுத் தாத்தாவும் அதில் ஒருநாள் உட்கார வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் கை நீட்டிய நிலையில் ஒரு காம்பராவின் கால்வாசியை அது பிடித்துக்கொள்ளும். இஸ்தோப்பு அகலமாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். பிரம்பு அறுந்திருப்பது குறை அல்ல, விலையைக் குறைக்க அது ஒரு சாக்கு. சட்டம் உறுதியாக இருந்தால் பிளாஸ்டிக் வயரால் வீட்டிலேயே பின்னிவிடலாம், சாரலில் நனைந்தாலும் அது உளுத்துப் போகாது.

13. பழைய தேயிலைப் பெட்டி எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். காகித மூட்டைகள் வருவதற்கு முன்னால் ஃபக்டரியில் இருந்து தேயிலை போனது இந்தப் பலகைப் பெட்டிகளில்தான். விளிம்புகளில் தகரப் பட்டி அடித்திருக்கும், பலகை மெல்லியது, ஆனால் நல்ல ஒட்டுப்பலகை. இரண்டைப் பக்கவாட்டில் படுக்க வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக இஸ்குருப்பால் முடுக்கினால் புத்தக ராக்கை. நிமிர்த்தி மேலே மூடி போட்டு மெத்தை வைத்தால் உட்காரவும் போர்வை வைக்கவும் ஒரே பெட்டி. முதலில் தகர விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஆணிகளைத் தட்டி மடக்குங்கள். உள்ளே ஒட்டிய உலோகத் தாளையும் உரித்துவிடுங்கள். பிற்காலத்தில் அது அலுமினியம், அதற்கு முன் ஈயம். எது என்று தெரியாத பெட்டியில் அரிசி, மாவு போட வேண்டாம்.

14. சிங்கர் தையல் மெஷினின் இரும்புக் காலை மேசையாக்குவது இப்போது நாகரிகம். சிங்கர் கம்பனி இலங்கையில் 1877 முதல் இருப்பதால் பழைய மிதி மெஷினுக்குப் பஞ்சம் இல்லை. தலை உடைந்து துருப்பிடித்தது என்றால் காலை எடுத்து, மேலே பழைய கதவுப் பலகையைப் போட்டுப் பிள்ளைக்குப் படிக்கிற மேசை ஆக்குங்கள். மிதியையும் சக்கரத்தையும் கம்பியால் அசையாமல் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கால் சிக்கும். தைக்கிற மெஷினை மட்டும் உடைக்காதீர்கள். எண்ணெய் விட்டுப் பட்டி மாற்றினால் வருமானம் தருகிற சாமானை ஏன் அலங்காரமாக்க வேண்டும்?

15. கொழுந்துக் கூடையின் பிரம்பு இறுக்கமாக இருந்தால் கழுவிக் காய வைத்து அழுக்குத் துணி போடலாம். நைந்த கறுப்புக் கம்பளியை மடித்துத் தைத்தால் வாங்குக்கு நல்ல விரிப்பு. பழைய நூல் சேலை இரண்டு இருந்தால் காம்பராவை நடுவில் பிரிக்கத் திரை ரெடி. நைலெக்ஸ் வேண்டாம், அடுப்புப் பக்கம் அது ஆபத்து.

16. இரும்பு அலுமாரி வாங்கும்போது கதவைத் திறந்து உள்ளே பார்த்தால் போதாது, சாய்த்து அடியைப் பாருங்கள். துரு மேலாக மட்டும் என்றால் கம்பி பிரஷால் தேய்த்து, துரு தடுக்கும் பெயின்ட் இரண்டு கை கொடுத்து, பிறகு நிறம் பூசலாம். அடித் தகரம் விரலால் குத்தினால் ஓட்டையாகிறது என்றால் விட்டுவிடுங்கள். பனிக் காலத்தில் இரும்பின் உள்பக்கம் வியர்க்கும், துணியில் பூஞ்சணம் பிடிப்பது அதனால்தான். ஒரு சிரட்டையில் அடுப்புக்கரித் துண்டுகளைப் போட்டு அடித்தட்டில் வைத்து, மாதம் ஒருமுறை வெயிலில் காய வைத்துத் திரும்ப வையுங்கள். முழுவதும் காயாத துணியை உள்ளே வைத்தால் கரியாலும் காப்பாற்ற முடியாது.

17. எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கல்லுச் சுவரில் இருந்து நான்கு விரல் இடைவெளி விடுங்கள், கறையான் ஏறினாலும் கண்ணில் படும். கால்களுக்கு அடியில் தட்டையான கல் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே நிற்கிற அலுமாரிக்கு மேல் ஒரு பொலிதீன் விரிப்பு வேண்டும், மழை இல்லாத பனி இரவிலும் தகரம் சொட்டும். உயரமான அலுமாரியைச் சுவரில் ஒரு பட்டியால் பிடித்து முடுக்குங்கள். பிள்ளைகள் லாச்சியை ஏணியாக்கி ஏறுவார்கள்.

கனமான எதையும் வாசலுக்குப் போகிற வழியில் வைக்கக்கூடாது. நம் பிரதேச செயலகப் பிரிவில்தான் மீரியபெத்த இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது ஓடி வெளியேற அங்கே இருந்த நேரம் மிகக் கொஞ்சம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை அலுமாரியின் அடி லாச்சியில் பூட்டி வைக்காமல், கதவுக்குப் பக்கத்து ஆணியில் தண்ணீர் புகாத பையில் தொங்கவிடுங்கள். சரிவு எச்சரிக்கை உள்ள இடத்தில் இருக்கிறவர்கள் முதிரை அலுமாரிக்குச் சேர்த்த காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்வது நல்லது.

18. விலை பேசும் முன் மூன்று தொகையைக் கூட்டுங்கள்: சாமான், பழுது பார்க்கிற கூலி, ஏற்றி வருகிற செலவு. மூன்றும் சேர்ந்து அதே அளவுப் புது மரச் சாமானின் பாதி விலையைத் தாண்டினால் நான் வாங்க மாட்டேன். பண்டாரவளையில் இருந்து டிமோ பட்டாவில் ஏற்றினால் பெரகலை இறக்கத்தின் வளைவுகளில் சாமான் உருளும். லாச்சிகளைக் கழற்றித் தனியாகக் கட்டி, கண்ணாடிக்கு நடுவில் கம்பளி கொடுங்கள். ரோட்டில் இருந்து லயம் வரை தோளில் சுமக்கிறவர்களுக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள், பலர் மறக்கிற செலவு அதுதான். கழற்றிய வீட்டுப் பலகை, ரீப்பைகளை ஏற்றுவதானால் மரம் கொண்டு செல்கிற அனுமதிப்பத்திரம் பற்றி முதலே விசாரியுங்கள். வழியில் பொலிஸ் மறித்த பிறகு விளக்கம் சொல்லிப் பயன் இல்லை.

19. பழையதாக வாங்கக்கூடாதவை: பஞ்சு மெத்தை, தலையணை, காஸ் குழாய், ரெகுலேட்டர், கம்பி இடைவெளி அகன்ற தொட்டில், அஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வெட்டிச் செய்த எதுவும். மின்சாரச் சாமானில் வயர் உறை வெடித்திருந்தால் வயரையே மாற்ற வேண்டும், டேப் சுற்றுவது பழுது பார்த்ததாகாது. 2017இல் அரசு 13 அம்பியர் சதுர முள் பிளக்கையே நாட்டுக்குப் பொதுவாக அறிவித்தது. பழைய உருண்டை முள் சாமானை இடையில் ஒரு பிளக், அதில் இன்னொன்று என்று சொருகாமல், புதுப் பிளக் பூட்டிக்கொள்ளுங்கள். பழைய குளிர்சாதனப் பெட்டியை விற்கிறவர் வீட்டிலேயே மூன்று மணி நேரம் ஓட விட்டு, ஐஸ் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டு வந்து செருகும் முன், ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழவில்லை என்றால் அன்றைக்கு வயர் பாஸைக் கூப்பிடுவதுதான் முதல் வேலை, பெட்டி ஒரு நாள் சும்மா நிற்கட்டும்.